இதயத்தின் பொற்றாசிய வாயில்



தும்மலை நிறுத்துவதற்காக உட்கொண்ட ஒரு குளிசை இதயத்தையே நிறுத்திவிடக் கூடுமா? இவ்வினா முதலிற் கேட்போருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும், 1990 ஆம் ஆண்டிலே அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஓர் அறிக்கை, இது விளையாட்டன்று என்பதை உலகுக்கு உணர்த்தியது. முப்பத்தொன்பது வயதுடைய ஒரு பெண்மணி இரண்டு நாட்களாக இடையிடையே மயங்கி விழுந்தார். அவர் தெர்பெனடீன் என்னும் ஒவ்வாமைக் குளிசையை விதித்த அளவிலேயே உட்கொண்டு வந்தவர். அதனோடு, பங்கசு நோயொன்றுக்காகக் கீற்றோகொனசோல் என்னும் மருந்தையும் தாமாகவே சேர்த்துக்கொண்டார். இரண்டும் பலகாலம் பலர் பயன்படுத்திய மருந்துகளே. இரண்டும் ஓருடலிற் சந்தித்தபோது இதயத்தின் ஒழுங்கான துடிப்புக் குலைந்தது. நல்வாய்ப்பாக அவர் உயிர் பிழைத்தார். பின்னர் அறியப்பட்ட வேறு சிலர் பிழைக்கவில்லை.

இந்நிகழ்ச்சிக்குக் காரணம் யாது? அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், கண்ணுக்குப் புலனாகாத ஒரு வாயிலைப்பற்றி அறிதல் வேண்டும். அவ்வாயில் இதயத்தின் ஒவ்வொரு கலத்திலும் உள்ளது. அதன் வழியே செல்வது பொற்றாசியம்.

மனித இதயம் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை துடிக்குமாயின், நாளொன்றுக்கு ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னோடியாக ஒரு மின்னலை எழுந்து அடங்குகின்றது. இம்மின்னலையைத் தோற்றுவிப்பவை கம்பியும் மின்கலமும் அல்ல. இரத்தத்திலும் கலங்களிலும் கரைந்துள்ள உப்புக்களின் அயன்களே. கலத்தின் உள்ளே பொற்றாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. உள்ளிருக்கும் பொற்றாசியத்தின் செறிவு வெளியிலிருப்பதைப்போல் ஏறத்தாழ முப்பத்தைந்து மடங்கு. ஆதலால், வாயில் திறந்த மாத்திரத்தே அது வெளியேற முந்துகின்றது.

துடிப்புத் தொடங்கும்போது முதலிற் சோடிய வாயில்கள் திறக்கின்றன. நேரேற்றமுடைய சோடியம் உட்புகுந்து கலத்தைக் கிளர்ச்சியுறச் செய்கின்றது. அடுத்துக் கல்சியம் உட்புகுகின்றது. அதுவே தசையைச் சுருங்கச் செய்வது. இறுதியாகப் பொற்றாசிய வாயில்கள் திறக்க, நேரேற்றம் வெளியேறி, கலம் பழைய அமைதியை அடைகின்றது. கீழ் இதயவறைகளில் இவையனைத்தும் ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்களவு நேரத்துள் நடந்து முடிகின்றன. சோடியம் தொடக்கிவைப்பது, கல்சியம் வேலை செய்விப்பது, பொற்றாசியம் ஓய்வு தருவது. உழைப்புக்குப் பின் உரிய வேளையில் ஓய்வு கிட்டாத உயிர் எவ்வாறு நிலைகுலையுமோ, அவ்வாறே பொற்றாசிய வாயில் அடைபட்ட இதயக் கலமும் நிலைகுலைகின்றது.

இவ்வாயில் எத்தகையது? இது ஒரு புரதம். நான்கு ஒத்த பகுதிகள் வட்டமாகக் கூடி, நடுவே ஒரு புழையை அமைத்து, கலமென்சவ்வினூடே பதிந்து கிடக்கின்றன. இங்கே ஒரு புதிர் எழும். சோடிய அயன் பொற்றாசிய அயனிலும் சிறியது. அவ்வாறிருக்க, பெரியதாகிய பொற்றாசியத்தைச் செல்லவிட்டுச் சிறியதாகிய சோடியத்தைத் தடுக்கும் வாயில் எங்ஙனம் அமைய முடியும்? சல்லடையிற் பெருமணி விழுந்து குறுமணி தங்குமா?

இப்புதிரை அவிழ்த்தவர் ரொடெரிக் மக்கின்னன் என்னும் அமெரிக்க அறிஞர். 1998 ஆம் ஆண்டில், பற்றீரியம் ஒன்றின் பொற்றாசிய வாயிலைப் பளிங்காக்கி, அதன்மேல் எக்சுக்கதிரைச் செலுத்தி, அதன் அணுக்கள் நிற்கும் நிலையை அவரும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். நீரிற் கரைந்த அயன் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை ஆடைபோல் அணிந்திருக்கும். புழையின் ஒடுங்கிய பகுதிக்குள் நுழைய வேண்டுமாயின் அவ்வாடையைக் களைதல் வேண்டும். களைந்த அயனை ஏற்றுக்கொள்ள அங்கே ஒட்சிசன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அவை நிற்கும் இடைவெளி பொற்றாசியத்துக்கே அளவெடுத்து அமைந்தது. சிறிய சோடியத்தை அவை அணைத்துக்கொள்ள இயலாது. ஆதலால் அது தன் நீராடையைக் களையாது வெளியே நின்றுவிடுகின்றது. இவ்வளவு நுட்பமாகத் தெரிந்தெடுத்தும், இத்தகைய வாயிலொன்றினூடே ஒரு செக்கனிற் பத்துக்கோடி அயன்கள்வரை செல்லக்கூடும். இக்கண்டுபிடிப்புக்காக மக்கின்னன் 2003 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார்.

மனித உடலிற் பொற்றாசிய வாயில்களுக்குரிய பரம்பரை அலகுகள் எழுபதுக்கு மேற்பட்டவை. அவற்றுள் மருத்துவ உலகை மிகவும் கவலைக்குள்ளாக்கியது ஒன்று. அதன் பெயர் 'ஹேர்க்'. அப்பெயரின் வரலாறு சுவையானது. 1960களில் அமெரிக்காவிற் பழ ஈக்களை ஆராய்ந்தவர்கள், ஒருவகை ஈக்களுக்கு ஈதர் என்னும் மயக்கமருந்தின் ஆவியைக் காட்டியபோது, அவற்றின் கால்கள் ஓயாது நடுங்கி ஆடுவதைக் கண்டனர். அக்காலத்து இரவு விடுதிகளிற் புகழ்பெற்றிருந்த 'கோ-கோ' ஆட்டம் நினைவுக்கு வர, அந்த ஈக்குலத்துக்கு 'ஈதர்-ஆ-கோ-கோ' என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். 1994 ஆம் ஆண்டில், ஈயின் அப்பரம்பரை அலகுக்கு உறவான ஒன்று மனிதரிடத்தும் உண்டென வாம்கே, கனெற்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் காட்டினர். 'ஹேர்க்' என்பது அந்நீண்ட பெயரின் சுருக்கமே.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1995 இல், அமெரிக்காவின் யூற்றா மாநிலத்து ஆய்வாளர்கள் இரண்டு உண்மைகளை வெளியிட்டனர். சில குடும்பங்களில் இளைஞர் திடீரென மயங்கி விழுந்து இறப்பதுண்டு. மணிக்கூட்டின் திடீர் ஓசை போன்ற சிறு அதிர்ச்சியும் அவர்களுக்குக் கூற்றாக முடிவதுண்டு. அவ்வாறான குடும்பங்கள் சிலவற்றில் ஹேர்க் பரம்பரை அலகு பழுதுபட்டிருந்தது என்பது முதலாவது உண்மை. இதயவறையை ஓய்வுக்குக் கொண்டுவரும் முக்கிய பொற்றாசிய ஓட்டங்களுள் ஒன்றை இப்புரதமே நடத்துகின்றது என்பது இரண்டாவது. ஈயின் காலாட்டத்தில் தொடங்கிய ஆராய்ச்சி மனிதரின் உயிராட்டத்தில் வந்து முடிந்தது.

மருந்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இன்னும் பழையது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்படும் குயினீன் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தென்பது யாவரும் அறிந்ததே. நுவரெலியாவுக்கு அருகேயுள்ள ஹக்கல பூங்கா 1861 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டதும் இச்சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகவே. கோப்பிச் செடியை நோய் அழித்த காலத்தில், மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றிற் சில ஆண்டுகள் சிங்கோனா தழைத்திருந்தது. பின்னர் அதன் விலை வீழ்ச்சியுறவே தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அப்பட்டையிலே குயினீனுக்கு உடன்பிறப்பாகக் குயினிடீன் என்னும் பொருளும் உண்டு.

ஒல்லாந்து நாட்டவரான வென்க்கெபாக் என்னும் இதயவைத்தியரிடம் ஒரு வணிகர் வந்தார். அவருடைய இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் இயல்புடையது. தாம் குயினீன் உட்கொண்டால் அது ஒழுங்குபடுகின்றதென அவர் கூறினார். மறுநாள் சீரான நாடித்துடிப்போடு வந்து அதனை மெய்ப்பித்தும் காட்டினார். இதனை வென்க்கெபாக் 1914 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். நோயாளி வைத்தியருக்குக் கற்பித்த பாடம் இது. 1918 இல் ஜேர்மனியின் பிறை என்னும் வைத்தியர், சிங்கோனாப் பொருட்களுள் இவ்வகையிற் குயினிடீனே வலியதெனக் கண்டார். அன்றுதொட்டு அது இதய மருந்தாயிற்று. ஆயினும், அம்மருந்தை உட்கொள்ளத் தொடங்கிய சிலர் தொடக்க நாட்களிலேயே மயங்கி விழுந்தனர், சிலர் இறந்தனர். இதயத்தைச் சீர்செய்யும் மருந்தே இதயத்தைக் குலைத்தது எவ்வாறு என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது.

1966 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வைத்தியர் தெசெற்றென் ஒரு வகையான இதய மின்வரைபை விவரித்தார். அதிலே அலைகளின் முனைகள் ஓர் அச்சைச் சுற்றி முறுக்கிய கயிறுபோல் மேலும் கீழுமாகத் திரும்பிச் சென்றன. முனைகளின் முறுக்கு என்னும் பொருள்பட அவர் அதற்குப் பிரெஞ்சு மொழியிற் பெயரிட்டார். இம்முறுக்கு நீடிக்குமாயின் இதயம் இரத்தத்தைச் செலுத்தமாட்டாது. மயக்கமும், சில வேளைகளில் மரணமும் விளையும். இது தோன்றுமுன் ஓர் அறிகுறி உண்டு. இதயவறை கிளர்ச்சியுற்று மீண்டும் ஓய்வடையும்வரை செல்லும் நேரத்தை மின்வரைபிற் கியூ-ரி இடைவேளை என்பர். அது வழக்கமாக ஒரு செக்கனின் பத்தில் நான்கு பங்களவினது. அரைச் செக்கனைத் தாண்டுமாயின் அபாயம் அண்மித்ததெனக் கொள்வர். பொற்றாசிய வாயில் அடைபட்டால் ஓய்வு தாமதமாகும். ஓய்வு தாமதமானால் இவ்விடைவேளை நீளும். அது நீண்டவிடத்துப் பருவமல்லாப் பருவத்தில் மின்னலைகள் எழுந்து முறுக்குத் தொடங்கும்.

மருந்து எவ்வாறு வாயிலை அடைக்கின்றது? பூட்டிற் பொருந்தும் திறவுகோலை ஒப்பாகக் கூறுதல் வழக்கம். ஹேர்க் வாயிலைப் பொறுத்தவரை அவ்வொப்பு முற்றாகப் பொருந்தாது. ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் என்றிராமல், உருவிலும் பயனிலும் வேறுபட்ட மருந்துகள் பல இதிலே வந்து சிக்கிக்கொள்கின்றன. ஒவ்வாமை மருந்து, பங்கசு மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, மனநோய் மருந்து, வாந்தி மருந்து என்று அவற்றின் நிரல் நீளும்.

இம்மருந்துகள் பெரும்பாலும் வெளியிலிருந்து புழைக்குள் நுழைவதில்லை. அவை முதலிற் கலத்தினுள்ளே புகுந்து, வாயில் திறந்திருக்கும் வேளை பார்த்து, உட்புறத்திலிருந்து புழையின் நடுக்குழிக்குள் ஏறுகின்றன. 2000 ஆம் ஆண்டில் யூற்றா ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிசோதனை இதனைத் தெளிவாக்கியது. புரதத்தின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எதனை மாற்றினால் மருந்தின் பிடி தளர்கின்றதென அவர்கள் தேடினர். இரண்டு இடங்கள் முதன்மை பெற்றன: 652 ஆம் இடத்துத் தைரோசீன், 656 ஆம் இடத்துப் பினைலலனீன். இரண்டும் தட்டையான வளையமுடையவை. இரண்டும் நடுக்குழியை நோக்கி நிற்பவை. வாயிலில் நான்கு பகுதிகள் இருத்தலின், அங்கே எட்டு வளையங்கள் மருந்துக்காகக் காத்து நிற்கின்றன. மருந்துகள் பலவற்றிலும் அத்தகைய வளையங்களும், நேரேற்றமுடைய ஒரு நைதரசன் அணுவும் உண்டு. வளையம் வளையத்தோடு ஒட்டுகின்றது; நேரேற்றம் வளையத்தின் முகத்தை நாடி நிற்கின்றது. 2017 ஆம் ஆண்டில் இவ்வாயிலை உறைநிலையில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, நடுக்குழியைச் சூழ நீரை விரும்பாத நான்கு ஆழ்ந்த பைகள் இருப்பதும் தெரியவந்தது.

இன்னொரு விந்தையும் உண்டு. சில மருந்துகள் உள்ளே இருக்கும்போதே வாயிலின் கதவு மூடிக்கொள்கின்றது. அறைக்குள் அகப்பட்ட பூனைபோல மருந்து உள்ளே சிறைப்பட்டுவிடுகின்றது. அடுத்த துடிப்பில் வாயில் திறக்க முயலும்போதும் வழி அடைபட்டே இருக்கும்.

இனி, அப்பெண்மணியின் கதைக்கு மீள்வோம். தெர்பெனடீன் ஹேர்க் வாயிலை வலிமையாக அடைக்கும் பொருள் என்பது பின்னர் பரிசோதனைகளால் உறுதியாயிற்று. ஆயின், அதனை உட்கொண்ட எல்லோருக்கும் ஏன் தீங்கு நேரவில்லை? காரணம் ஈரல். குடலிலிருந்து வரும் தெர்பெனடீனை ஈரலிலுள்ள ஒரு நொதியம் பெரும்பாலும் முழுமையாகவே மாற்றிவிடுகின்றது. இதயத்தை வந்தடைவது மாற்றமடைந்த பொருளே. மூலமருந்து இரத்தத்திற் காணப்படுவதே அரிது. கீற்றோகொனசோல் அந்நொதியத்தின் கையைக் கட்டிவிடுகின்றது. எரித்திரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும், தோடை இனத்ததாகிய கிரேப்புரூட் பழத்தின் சாறுங்கூட அவ்வாறு செய்ய வல்லன. காவலன் கட்டுண்டபின் மூலமருந்து தடையின்றி இதயத்தை அடைந்து வாயிலை அடைத்தது.

இதில் ஒரு நற்பயனும் விளைந்தது. ஈரல் ஆக்கிய அம்மாற்றுப் பொருள், தும்மலை நிறுத்தும் ஆற்றலை இழக்கவில்லை. ஹேர்க் வாயிலைப் பற்றும் ஆற்றலையோ பெரும்பாலும் இழந்துவிட்டது. மூலக்கூற்றின் ஒரு முனையில் அமிலத் தொகுதியொன்று சேர்ந்த சிறு மாற்றமே இவ்வளவுக்கும் காரணம். அப்பொருளையே பெக்சோபெனடீன் என்னும் பெயரில் 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதித்தனர். தெர்பெனடீன் 1998 இல் அங்கு சந்தையிலிருந்து நீங்கியது. அதனைத் தொடர்ந்து, அசுத்தெமிசோல் என்னும் ஒவ்வாமை மருந்து 1999 இலும், சிசப்பிரைட்டு என்னும் வயிற்று மருந்து 2000 இலும் அங்கு விலக்கப்பட்டன.

வாயிலை வேண்டுமென்றே அடைப்பதாற் பயனுண்டா? ஓய்வு நேரத்தை நீட்டினால் ஒழுங்கற்ற துடிப்புக்கள் அடங்குமென்று கருதி அத்தகைய மருந்துகளைச் செய்தோர் உண்டு. மாரடைப்பினால் இதயம் வலுவிழந்த 3,121 நோயாளரிடையே டீ-சோற்றலோல் என்னும் மருந்து சோதிக்கப்பட்டது. 1996 இல் வெளிவந்த முடிவின்படி, மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 5 பேரும், வெறுங்குளிசை பெற்றோருள் நூற்றுக்கு 3.1 பேரும் இறந்தனர். சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. எனினும், தகுந்த நோயாளருக்கு, மின்வரைபைக் கண்காணித்து, அளவறிந்து கொடுக்குமிடத்து இவ்வகை மருந்துகள் சில இன்றும் பயன் தருகின்றன. டொபெற்றிலைட்டு என்னும் மருந்தைக் குறைந்தது மூன்று நாட்கள் வைத்தியசாலையில் வைத்தே தொடங்குதல் வேண்டுமென விதி செய்துள்ளனர்.

2005 ஆம் ஆண்டுமுதல், புதிய மருந்தெதுவும் ஹேர்க் வாயிலை அடைக்குமா என்பதை முன்னரே சோதிக்கும்படி சர்வதேச வழிகாட்டுதல் ஏற்பட்டது. இதனால் அபாயமான மருந்துகள் பல மக்களை அடையுமுன்பே தடுக்கப்பட்டன. ஆயின், வாயிலை அடைப்பவையெல்லாம் கொல்பவை அல்ல. வெரப்பமில் என்னும் மருந்து ஹேர்க் வாயிலை அடைப்பது. எனினும் கல்சிய வாயிலையும் உடன் அடைப்பதால், முறுக்குத் துடிப்பை அது அரிதாகவே உண்டாக்குகின்றது. ஒரு குற்றச்சாட்டைக் கொண்டே தீர்ப்பளித்தால் நல்ல மருந்துகளையும் இழக்க நேரிடும். ஆதலின், பல வாயில்களையும் ஒருங்கு நோக்கி மதிப்பிடும் முறையொன்றை 2013 முதல் அறிஞர்கள் வகுத்து வருகின்றனர்.

பொற்றாசிய வாயிலை மருந்து பற்றுதல் எப்போதும் தீமையே என்று எண்ணுதலும் தவறு. நீரிழிவு நோயாளர் பலர் உட்கொள்ளும் கிளிபென்கிளமைட்டு என்னும் குளிசை செய்வதும் ஒரு பொற்றாசிய வாயிலை மூடுவதே. அவ்வாயில் சதையியில், இன்சுலினைச் சுரக்கும் கலங்களில் உள்ளது. உணவின்பின் குளுக்கோசு மிகும்போது அது தானே மூடிக்கொள்ளும். மூடவே கல்சியம் கலத்துட் புக, இன்சுலின் வெளிப்படும். குளிசையோ புழைக்குள் நுழைவதில்லை. வாயிலைச் சூழ்ந்து நிற்கும் துணைப்புரதத்தைப் பற்றி, அதன்மூலம் கதவை மூடுவிக்கின்றது. இவ்வின மருந்தின் செயலும் தற்செயலாகவே வெளிப்பட்டது. 1942 இல் பிரான்சின் மொன்பெலியே நகரில், நெருப்புக் காய்ச்சலுக்கு ஒருவகைச் சல்பா மருந்து பெற்றவர்களின் இரத்தத்திற் சீனி அபாயமான அளவுக்குக் குறைந்ததை வைத்தியர்கள் கண்டனர். ஒருவருக்குத் தீங்காய் வந்தது மற்றொருவருக்கு மருந்தாயிற்று.

பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே நீரிழிவு கண்ட குழந்தைகள் உண்டு. அவர்களுட் பலருக்கு இவ்வாயிலின் பரம்பரை அலகு பழுதுற்று, கதவு மூடாது திறந்தே கிடக்கின்றதென 2004 இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகர ஆய்வாளர் தலைமையில் ஒரு குழு கண்டறிந்தது. மூடாத கதவை மருந்தால் மூடுவித்தால் என்ன? 2006 இல் வெளியான முடிவு இது: அவ்வாறான 49 நோயாளருள் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்திக் குளிசையோடு வாழத் தொடங்கினர். பிறந்த நாள்தொட்டு ஊசியே கதியென்றிருந்த குழந்தைக்கு, வாயிலின் இயல்பை அறிந்த அறிவு விடுதலை அளித்தது.

நேயர்கள் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில. மருந்தின் பெயரையும் அளவையும் அறிந்து வைத்திருத்தல் வேண்டும். ஒரு வைத்தியர் தந்த மருந்தோடு இன்னொருவர் தந்ததையோ, அயலவர் மிச்சம் வைத்ததையோ தாமாகச் சேர்த்தல் ஆகாது. வேறு வைத்தியரிடம் செல்லும்போது உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் காட்டுதல் வேண்டும். வாந்திக்கு வழங்கும் டொம்பெரிடோன் போன்ற எளிய மருந்துக்கும் ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் 2014 இல் அளவும் நாளும் வரையறுத்துள்ளனர். மருந்தால் விளையும் முறுக்குத் துடிப்புக்கு ஆளானோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள். கடும் வயிற்றோட்டத்தாலோ வாந்தியாலோ உடலிற் பொற்றாசியமும் மகனீசியமும் குறைந்த வேளையில் அபாயம் மிகும். மருந்து தொடங்கியபின் தலைச்சுற்றோ மயக்கமோ நேர்ந்தாலும், குடும்பத்தில் இளவயதிற் காரணமறியாத் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தாலும், அதனை வைத்தியரிடம் மறையாது கூறுதல் உயிர்காக்கும் செயலாகும். அதேவேளை, அச்சத்தினால் விதித்த மருந்தைத் தாமாக நிறுத்துதலும் அதேயளவு தவறாகும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முதுமொழி. தெர்பெனடீனின் கதை அம்முதுமொழிக்கு ஒரு துணைமொழியைச் சேர்க்கின்றது. அப்பெண்மணி அளவுக்கு மிஞ்சி ஒன்றையும் உட்கொண்டவர் அல்லர். அளவு சரியாகவே இருந்தது. துணையாக வந்த மருந்தே பிழையாயிற்று. ஆதலின், எவ்வளவு என்று கேட்கும் அதே வாயால் எதனோடு என்றும் கேட்டல் வேண்டும். அவ்வொரு சிறு கேள்வி, ஓரிலட்சம் முறை துடிக்கும் இதயத்துக்கு நாள்தோறும் காவலாய் நிற்கும்.